மாடியில் துணி தொங்கும் வரை

சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டிக்கொண்டிருந்தவளைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் மையத்தில் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர் வைக்கும். அதுதான் ஆயிற்று. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் கேட்கும்.

தியேட்டர் வேலை போனதும் ஒரு கூத்துதான். மத்தியானக் காட்சிக்குக் கிளம்பிப் போனாள். வாசல் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்து நாற்காலிகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவல்காரர்தான் சொன்னார், "உனக்குச் சொல்லலையாம்மா? மூடிட்டாங்களே." அவ்வளவுதான். கையில் டார்ச்சோடு வெயிலில் நின்றாள். அப்புறம் அங்கே கட்டில், பீரோ விற்கும் கடை வந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கடன்காரனைப் பார்த்த மாதிரி.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். புருஷன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர், வாய் திறந்து பேச மாட்டார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தாள், அதாவது நாத்தனார். வீட்டில் ஒரு நாள் முழுக்க நாத்தனாரோடு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மனிதர்கள் ஏன் எந்த வேலையானாலும் போதும் என்று ஓடுகிறார்கள் என்று. மையத்தில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஓடினாள்.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து, அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையம் அது. டயர் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். மேலே மாடியில் நீளமாக ஒரு அறை. இரண்டுக்கும் நடுவில் இரும்புப் படிக்கட்டு. ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாது, அத்தனை ஒடுக்கம். சின்னப் பிள்ளைகள் முதலில் மாடியில் இருக்கும். பெரிய பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். சின்னது கீழே வரும், பெரியது மேலே போகும். கீழே விளையாட்டுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். மேலே பாடத்துக்கும் படம் வரைவதற்கும் ஒரு டீச்சர். அந்த மாற்றிவிடுகிற வேலைதான் டார்ச்சக்காவுக்கு.

"அப்போ உனக்குப் படிக்கட்டு வேலையா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி. படிக்கட்டுதான்."

"சம்பளம் ஏறுறதுக்கா, இறங்குறதுக்கா?"

"நீங்க மூணு வேளை உக்காந்து சாப்பிடுறதுக்கு."

நாத்தனார் அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை ரோஷம் போய்விட்டது, சாப்பிட்டாள்.

ஆனால் அந்த வேலை இளப்பமானது இல்லை. விளையாடும்போது பிள்ளைகள் அவ்வளவாக அடித்துக்கொள்வதில்லை. படிக்கும்போதும் இல்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகிற அந்த இடுக்கில்தான் எல்லாமே நடக்கும். கிள்ளுவது, கடிப்பது, தண்ணீர் பாட்டிலால் மண்டையில் போடுவது, "அவன் என் இடத்துல நிக்கிறான்" என்று ஊரைக் கூட்டுவது. கைக்கு ஒன்றும் இல்லாத நேரம் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்களுக்கு மட்டும் ஆகிறதா என்ன.

டார்ச்சக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காட்சிக் கூட்டத்தை வெளியே விட்டு அடுத்த காட்சிக் கூட்டத்தை உள்ளே அனுப்புவது. அதையே இங்கேயும் செய்தாள். முற்றத்து நடுவில் நின்று, தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கினது மாதிரிக் குரலில், "விளையாட்டுக் காட்சி முடிஞ்சுது! அடுத்த காட்சிக்கு டிக்கெட் வச்சிருக்கவங்க எல்லாம் வரிசைக்கு வாங்க!" என்பாள். பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டும், அதுதான் டிக்கெட். அவள் ஒவ்வொரு கையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, "பால்கனி. ஏறு. நீயும் பால்கனி. ஏய், இது அழுக்கு டிக்கெட், போய்க் கழுவிட்டு வா" என்று ஏற்றிவிடுவாள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விளையாட்டு வாத்தியாரே ஒருநாள் கையை நீட்டினார். மையத்துப் பொறுப்பாளர், எப்போதும் காதில் போனும் கையில் மணியுமாக அலைகிறவர், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி. டார்ச்சக்காவுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று.

அந்தக் கனத்தை இறக்கி வைக்க ஒருத்தி வந்தாள். கோந்து.

கோந்து என்பது பிள்ளைகள் வைத்த பெயர். குச்சி மாதிரி இருப்பாள், முன்முடி எப்போதும் கண்ணில் விழுந்து கிடக்கும். எதைத் தொட்டாலும் அதிலேயே ஒட்டிக்கொள்வாள். முற்றத்து மூலையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. செவிடு இல்லை, பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் மாடியிலிருந்து கேட்கும். கையில் ஒன்று இருக்கும்போது மற்றது கேட்காது, அவ்வளவுதான். பிடித்து இழுத்தால் தொண்டை கிழிய அலறுவாள். இன்னும் இழுத்தால் பல்லைக் காட்டுவாள். காட்டுவதோடு நிற்க மாட்டாள்.

ஒருநாள் டார்ச்சக்கா வரிசையை ஏற்றி விட்டிருந்தாள். வழக்கம்போல வரிசை பாதிப் படியில் நின்றது. மேலே கதவு இன்னும் திறக்கவில்லை. கோந்து மட்டும் மூலையில். "வாடி" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வரிசை நடுவில் செருகிப் படியில் ஏற்றினாள். கோந்து கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினாள், காலை உதறினாள். பின்னால் இருந்தவன் சாய்ந்தான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் இரும்புப் படியில் தாடையை இடித்துக்கொண்டான். முன்பல்லில் பாதி போயிற்று. சட்டையெல்லாம் ரத்தம்.

பல் போனவனின் அப்பா வந்து முற்றத்தில் நின்று கத்தின கத்தலில் டயர் கடையில் காற்று அடிக்கிறவன் கூட நிறுத்திவிட்டான். நியாயம்தானே, பெற்றவர் கத்தாமல் என்ன செய்வார். அவர் போனபிறகு பொறுப்பாளர் டார்ச்சக்காவைக் கூப்பிட்டார்.

"படிக்கட்டுல இன்னொரு தடவை இப்படி நடந்தா அந்தப் பொண்ணு இங்க வேண்டாம். அவங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சின்னப் பொண்ணு சார்."

"எல்லாமே சின்னதுங்கதான். இன்னைக்குப் பல்லு. நாளைக்கு மண்டைன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் சங்கடம்.

கோந்துவின் அம்மா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நீராவி மெஷின் நின்றால்தான் வெளியே விடுவார்கள். அன்றைக்கும் கடைசி ஆளாகத்தான் வந்தாள். முன்கை இரண்டிலும் சூடு பட்ட தழும்பு, சிலது பழசு, சிலது புதுசு. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினாள், பாதியில் இறக்கிவிட்டாள். அடிக்கவும் தெம்பு வேண்டுமே.

"இங்க வேண்டாம்னுட்டா புள்ளைய எங்க விடுவேம்மா? வீட்டுல பாத்துக்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் டார்ச்சக்கா.

"பூட்டு இருக்குக்கா."

"என்னது?"

"கதவுல பூட்டு. போன வருஷமெல்லாம் பூட்டிட்டுத்தான் போனேன். தண்ணி வச்சுட்டு, ரொட்டி வச்சுட்டு. சத்தம் போடாது. வர்றவரைக்கும் ஏதாச்சும் அடுக்கிட்டு உக்காந்திருக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம் பிள்ளையின் முன்முடியை ஒதுக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்த டார்ச்சக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"கடிக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? வாயைக் கட்டச் சொல்லு" என்றாள் நாத்தனார்.

"முதல்ல வீட்டுல கட்டிப் பாத்துட்டு அப்புறம் அங்க போறேன் அண்ணி."

அப்போதுதான் புருஷன் அதிசயமாக வாயைத் திறந்தார். "கம்ப்ரஸர் ஓடிட்டிருக்கும்போது படக்குனு நிறுத்தி உடனே மறுபடி போட்டா கிளம்பாது. கொஞ்சம் விட்டுத்தான் போடணும். அவசரப்பட்டா எரிஞ்சிடும்."

"கேட்டியா, புள்ளைய ஃப்ரிட்ஜ் ஆக்கிட்டான்" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் டார்ச்சக்காவுக்கு அதில் ஏதோ இருப்பதாகப் பட்டது. மறுநாளிலிருந்து படக்கென்று நிறுத்தவில்லை. முன்கூட்டியே போய், "இன்னும் அஞ்சு நிமிஷம்தான், முடிச்சுக்கோ" என்று கோந்துவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வந்தாள். வரிசை சேர்த்தாள். கோந்து நகரவில்லை. மறுநாளும் சொன்னாள். நகரவில்லை. அதற்கடுத்த நாள் பொறுமை போய், பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்றது கேக்குதா இல்லையாடி?"

கோந்து ஒரு பச்சை மூடியை எடுத்து, நீல மூடிக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி நின்று பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "உங்க அஞ்சு நிமிஷம் பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"நேத்து அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு உடனே கூப்பிட்டீங்க. அதுக்கு முன்னாடி சொல்லிட்டு வரவே இல்ல. நான் முடிச்சுட்டு சும்மா இருந்தேன்."

கோந்து இன்னொரு மூடியை எடுத்தாள்.

"கூப்பிட்டு மட்டும் என்ன? படியில போய் நிக்கணும். அங்க ஒண்ணும் இல்ல. இங்க மூடி இருக்கு."

டார்ச்சக்கா யோசித்துப் பார்த்தாள். இந்தக் குச்சி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவளுடைய அஞ்சு நிமிஷம் ரப்பர் மாதிரி. பொறுப்பாளர் மணியைத் தூக்கினால் சுருங்கும். மேலே கதவு திறக்காவிட்டால் நீளும். வரிசையைப் பளபளவென்று சேர்த்து, டிக்கெட் பார்த்து, படியில் ஏற்றி நிறுத்திவிடுவாள். அதற்கு அப்புறம்? கதவு திறக்கும்வரை இரும்புப் படியில் ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்துக்கொண்டு நிற்பது. கையில் ஒன்றும் இல்லாமல். தியேட்டரில் வெளியே போக ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி. இங்கே ஒரே வழி. மேலிருந்து சின்னதுகள் இறங்க வேண்டிய படியைப் பெரியதுகளை வைத்து அடைத்தது யார்? அவள்தான்.

தன்மேல் வந்த கோபத்தைத் தன்மேலேயே வைத்துக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? டீச்சர்மேல் போடலாம் என்று மாடிக்கு ஏறினாள். தினமும் தாமதமாகக் கதவைத் திறக்கிறாளே, மகராணி, மேலே என்னதான் செய்கிறாள் என்று நறுக்கென்று நாலு கேட்க வேண்டும்.

மேலே டீச்சர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சின்னதுகள். பாய் அழுக்காகும் என்று எல்லாருக்கும் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் உள்ளே போனால் இன்னொரு கால் வெளியே வந்தது. ஒருவன் இரண்டு வலது ஷூவை வைத்துக்கொண்டு அழுதான்.

"என்ன?" என்றாள் டீச்சர், நிமிராமலே.

"இல்ல... கதவு லேட்டாவுதேன்னு..."

"கீழ நீங்க கத்துறது எனக்கு நல்லாக் கேக்குதும்மா. இங்க நான் கத்துறது உங்களுக்குக் கேக்குதா? வரிசையைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்திட்டா இதுங்க பயந்துட்டு மறுபடி ஷூவைக் கழட்டுதுங்க."

டார்ச்சக்கா கொண்டுவந்த நாலு கேள்வியையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்து ஒரு ஷூவை எடுத்தாள். நாடா முடிச்சு எலி கடித்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் மாட்டி முடிப்பதற்குள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கடைசிச் சின்னது படி இறங்கினதும் டீச்சர் கரும்பலகை துடைக்கிற சிவப்புத் துணியை ஜன்னலில் தொங்கவிட வேண்டும். துணி தொங்கினால்தான் கீழே கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் அஞ்சு நிமிஷமும் கிடையாது, பத்து நிமிஷமும் கிடையாது.

கோந்துவிடம் போய்ச் சொன்னாள். "அந்த ஜன்னலைப் பாரு. சிவப்புத் துணி தொங்கினா எந்திரிக்கணும். தொங்கலேன்னா நானே வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்க வேண்டாம். சரியா?"

கோந்து ஜன்னலைப் பார்த்தாள். மூடிகளைப் பார்த்தாள். "இதை யாராவது கலைச்சுடுவாங்க."

டார்ச்சக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பைக் கொண்டுவந்து அடுக்கின மூடிகள்மேல் கவிழ்த்தாள். "நாளைக்கு வந்து நீயே தொறந்துக்கோ. வேற எவன் தொட்டாலும் கையை ஒடிச்சுடுவேன்."

மறுநாள் கோந்து பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் டப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் கலையவில்லை. அன்றைக்குத் துணி தொங்கினதும் எழுந்து வந்தாள். முணுமுணுத்துக்கொண்டு, காலைத் தேய்த்துக்கொண்டு, ஆனால் வந்தாள். அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது என்று சொன்னால் அது புளுகு. ஒருநாள் டார்ச்சக்காவைக் கடித்தாள். கையை இல்லை, சட்டைக் கையை. டார்ச்சக்கா அதை முன்னேற்றத்தில் சேர்த்துக்கொண்டாள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் துணிமேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. படிக்கட்டில் நிற்பது நின்றது. சண்டையும் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் மையத்துக்குப் பெஞ்சு வாங்கித் தருவதாகச் சிலர் பார்க்க வந்தார்கள். குடை பிடித்த ஒரு அம்மா, கூட இரண்டு பேர். பொறுப்பாளர் சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக மாடி ஏறுவதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. முற்றத்து நடுவில் நின்று மணியை அடித்தார்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. எல்லாத் தலையும் ஜன்னலைப் பார்த்தது.

மறுபடி அடித்தார்.

"துணி இன்னும் வரல சார்!" என்று பிள்ளைகள் கோரஸாகக் கத்தின.

பொறுப்பாளர் சிரித்தபடி டார்ச்சக்கா பக்கம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னம்மா இது? வந்தவங்க வெயில்ல நிக்கிறாங்க. ஏத்துங்க" என்றார்.

"சின்னதுங்க இன்னும் இறங்கல சார். இப்ப ஏத்தினா படியில முட்டிக்கும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது." அவரே போய்ப் பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கிளப்பப் பார்த்தார். பக்கத்தில் இருந்தது கோந்து. மூடிகள்மேல் குனிந்திருந்தவளின் கையைப் பிடிக்க அவர் கையை நீட்டினார்.

கோந்து அலறவில்லை. திரும்பி டார்ச்சக்காவைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று டார்ச்சக்காவுக்குத் தெரிந்தது. அவர் இழுத்தால் இவள் கடிப்பாள். கடித்தால் பூட்டுதான். எழுந்திரு என்று தானே சொன்னால் எழுந்தாலும் எழுவாள். ஆனால் அப்புறம் எந்தத் துணியைக் காட்டி எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாள். குறுக்கே போய் நின்றாள்.

"அவளைத் தொடாதீங்க சார்."

"என்னது?"

"துணி தொங்குறவரைக்கும் எந்திரிக்க வேண்டாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

"நான் சொல்றேன், ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன் சார்."

சொல்லிவிட்டாள். இந்த வேலையும் போனால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு பக்கம் ஓடியது.

"என்ன துணி?" என்றார் குடை அம்மா.

பாதிப் பல்காரன் முன்னால் வந்தான். பல் இடுக்கில் காற்று விசிலடிக்க, துணி எதற்கு, ஷூ எப்படி, தன் பல் எங்கே போனது என்று எல்லாவற்றையும் சொன்னான். உதட்டைத் தூக்கிக் காட்டவும் காட்டினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் சின்னதுகள் திமுதிமுவென்று படி இறங்கி முற்றத்துக்கு வந்தன. மேலே ஜன்னலில் டீச்சர் தலை தெரிந்தது. வந்தவர்களைப் பார்த்த பதற்றத்தில் கை நழுவி, துணி தொங்குவதற்குப் பதிலாக நேரே வந்து குடைமேல் விழுந்தது. சாக்பீஸ் தூள் புஸ்ஸென்று கிளம்பியது.

"வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல்.

கோந்து கையில் இருந்த மூடியை வைத்தாள். டப்பைக் கவிழ்த்தாள். எழுந்து, பொறுப்பாளரைச் சுற்றிக்கொண்டு போய், வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். டார்ச்சக்கா டார்ச் அடித்தாள். "பால்கனி. ஏறு." ஏறினாள். யாரும் எங்கேயும் நிற்காமல் வரிசை முழுக்க மேலே போயிற்று.

வந்தவர்கள் கிளம்பினபிறகு பொறுப்பாளர் கூப்பிட்டார். "ஆளுங்க முன்னாடி என் பேச்சைக் கேக்க மாட்டேன்னுட்டீங்க."

"ஆமா சார்."

"துணி விஷயத்தை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்து சொன்னேன் சார். போன்ல இருந்தீங்க. தலையை ஆட்டுனீங்க."

பொறுப்பாளர் மணியை மேசைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணு இருக்கட்டும். ஆனா இந்த மாதிரி இன்னொரு தடவை என்னை நிக்க வைக்காதீங்க" என்றார். பெஞ்சு வந்தது, பாதிதான் வந்தது. பொறுப்பாளர் அதற்கு டார்ச்சக்காவைத்தான் இன்றைக்கும் குறை சொல்கிறார்.

அதற்கப்புறம் ஒருநாள் சலவைக் கூடத்தில் மெஷின் கெட்டுப்போய், கோந்துவின் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டாள். கையில் ஒரு பை பன். பிள்ளைக்கு ஆசையாக வாங்கி வந்திருக்கிறாள் போல. கீழேயிருந்து, "கண்ணு, வா, போலாம்!" என்று கூப்பிட்டாள். மேலே படம் வரைந்துகொண்டிருந்த கோந்து போட்ட அலறல் டயர் கடை வரை கேட்டது. பொறுப்பாளர் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

அம்மாக்காரிக்கு முகம் செத்துப்போயிற்று. "பாருங்கக்கா, இன்னைக்கும்..." என்று விறுவிறுவென்று பாதிப் படி ஏறிவிட்டாள், இழுத்துக்கொண்டு வர.

"உக்காரு" என்றாள் மேல்படியில் நின்ற டார்ச்சக்கா.

"வீட்டுல வேலை கெடக்குக்கா."

"கெடக்கட்டும், எந்திரிச்சு ஓடியா போயிடும்? கையில இருக்கறதை முடிச்சுட்டு வருவா. நீ உக்காரு."

அம்மாக்காரி படியின் நடுவிலேயே உட்கார்ந்தாள். கம்பியில் சாய்ந்தாள். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனாள். பன் பை மடியில் சரிந்து கிடந்தது.

கோந்து படத்தை முடித்துவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு படி மேலே உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வரிசையோடு பின்னால் வந்த டார்ச்சக்கா, அம்மாவை எழுப்பலாம் என்று குனிந்தாள்.

"எழுப்பாதீங்க" என்றாள் கோந்து. "இன்னும் முடிக்கல."

ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் தாண்ட முடியாத படிக்கட்டு. டார்ச்சக்கா வரிசையைத் திருப்பி அறைக்குள் அனுப்பி, எல்லாரையும் இன்னொரு படம் போடச் சொன்னாள். அன்றைக்கு மையம் தாமதமாகத்தான் மூடியது. பல் போனவனின் அப்பா வாசலில் நின்று, பிள்ளையை அனுப்பப் போறீங்களா இல்லையா என்று கத்தினார். கத்தட்டும். நல்ல தொண்டை அவருக்கு. ஆனாலும் அந்தம்மா எழுந்திருக்கவில்லை.